எபியூசியோஸ்

எபியூசியோஸ் என்பது புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் ஒரு பெயரடை. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த மன்றாட்டில், அப்பத்தைக் கேட்கும் வரியில், அந்த அப்பம் எத்தகையது என்று சொல்ல இச்சொல் பயன்பட்டுள்ளது. மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே விவிலியத்தில் இது காணப்படுகிறது. இரண்டும் ஒரே மன்றாட்டின் இரு வடிவங்கள் என்பதால், உண்மையில் இதை ஒரே ஓர் இடம் என்றே கொள்ள வேண்டும். உலகமெங்கும் கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் இறைவேண்டலின் நடுவில் நிற்கும் இச்சொல்லுக்குப் பொருள் என்ன என்பது இன்றுவரை முடிவாகவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புகளில் "வேண்டிய", "அனுதின", "அன்றாட", "தேவையான" என்று வெவ்வேறு சொற்கள் இந்த இடத்தில் வருவதற்கும் இதுவே காரணம்.

வேறெங்கும் இல்லாத சொல்

ஒரு பழைய சொல்லின் பொருளை அறிய, அது வேறு எந்தெந்த இடங்களில் எப்படி ஆளப்பட்டுள்ளது என்று பார்ப்பதே வழக்கமான முறை. எபியூசியோஸ் விஷயத்தில் இந்த வழி அடைபட்டுள்ளது. ஹோமர் முதல் ரோமப் பேரரசுக் காலம் வரையிலான கிரேக்க இலக்கியத்தில் இச்சொல் இல்லை. எபிரேய மறைநூல்களின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவிலும் இதற்கு உறுதியான ஆட்சி இல்லை. தொடக்கத் திருச்சபையின் சிறு கையேடான திதாக்கேயின் 8ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. ஆனால் அங்கும் வருவது அதே மன்றாட்டுதான். அதன் பிறகு வரும் கிரேக்க ஆசிரியர்கள் இச்சொல்லைக் கையாளும்போது இந்த மன்றாட்டை நினைவில் வைத்தே கையாளுகின்றனர்.

இந்தச் சிக்கல் இன்றைய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது அன்று. கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, அலெக்சாந்திரியாவில் கல்வி கற்ற ஒரிஜென், 3ஆம் நூற்றாண்டில் மன்றாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இச்சொல்லை அறிஞர் எவரும் கையாண்டதில்லை என்றும், சாதாரண மக்களின் பேச்சிலும் இது இல்லை என்றும், நற்செய்தியாளர்களே இதை உருவாக்கியிருக்க வேண்டும் என்றும் அவர் அதில் குறித்துள்ளார். நற்செய்தி நூல்கள் எழுதப்பட்டு இருநூறு ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், அந்த மொழியிலேயே சிந்தித்த ஓர் அறிஞருக்கு இச்சொல் புதிராக இருந்தது என்பது எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய செய்தி அன்று.

ஹவாராவின் செலவுப் பட்டியல்

மன்றாட்டுக்கு வெளியே இச்சொல் கிடைத்துவிட்டது என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நம்பப்பட்டது. எகிப்தின் ஹவாரா என்னுமிடத்தில் பிளிண்டர்ஸ் பீட்ரி நடத்திய அகழாய்வில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கு. அதில் ஒரு வரியை "எபியூசி..." என்று தொடங்கும் சிதைந்த சொல்லாக ஆர்ச்சிபால்ட் சேஸ் வாசித்து 1889இல் வெளியிட்டார். 1915இல் பிரெட்ரிக் பிரைசிக்கே தம் பாப்பிரஸ் தொகுப்பில் இந்தப் பட்டியலைச் சேர்த்ததும் விவிலிய ஆய்வாளர்களின் கவனம் அதன்மேல் விழுந்தது. செலவுக் கணக்கில் வரும் சொல் என்றால் அது அன்றாடப் படியைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகத்தான் இருக்கும் என்ற முடிவு இயல்பாகவே பிறந்தது. அகராதிகளும் விளக்கவுரைகளும் இதைச் சான்றாகக் காட்டின. ஒரிஜென் தவறாகச் சொல்லிவிட்டார் என்றும் எழுதப்பட்டது.

இடையில் அந்த ஏடு காணாமற்போனது. அதனால் சேஸின் வாசிப்பைச் சரிபார்க்க யாராலும் இயலவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அதை நேரில் ஆராய்ந்த நைமன், வொர்ப் என்னும் இரு ஆய்வாளர்கள் 1999இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். அந்த இடத்தில் இருந்த சொல் "எலாயூ", அதாவது எண்ணெய். செலவுக் கணக்கில் எண்ணெய் இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரு ஏட்டின் ஒற்றை வரியை ஒருவர் வாசித்ததை மட்டும் நம்பி, பல தலைமுறை அகராதிகள் நின்றிருந்தன என்பதே வியப்பு. இந்த மறுவாசிப்போடு எபியூசியோஸ் மீண்டும் தனித்த சொல்லானது. ஒரிஜெனின் கூற்றும் மறுக்கப்படாமல் நிலைபெற்றது.

சொல்லைப் பிரித்தால்

ஆட்சி கிடைக்காத நிலையில் எஞ்சுவது சொல்லாக்கம் மட்டுமே. முன்னொட்டான "எபி" என்பதில் ஐயமில்லை. "மேல்", "மீது", "நோக்கி", "உரிய" எனப் பல பொருள்களில் அது வரும். எஞ்சிய பகுதி எந்த வேரிலிருந்து வந்தது என்பதே கேள்வி.

முதல் கருத்து, அதை "ஊசியா" என்னும் பெயர்ச்சொல்லோடு இணைக்கிறது. இருப்பு, உள்பொருள், சாரம் என்பவை அதன் பொருள்கள். எனவே எபியூசியோஸ் என்பது "இருப்புக்குத் தேவையான" என்று பொருள்படலாம். அல்லது "உள்பொருளுக்கு மேலான" என்றும் கொள்ளலாம். ஒரே பிரிப்பிலிருந்து வந்தாலும் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. முதலாவது வயிற்றுக்கான உணவு, இரண்டாவது இவ்வுலகைக் கடந்த உணவு. ஒரிஜென் இந்த வேரையே ஏற்றார். செப்துவஜிந்தாவில் விடுதலைப் பயணம் 19:5இல் வரும் "பெரியூசியோஸ்" என்ற சொல்லை இதற்கு இணையாகக் காட்டினார். விண்ணுக்குரியவற்றைத் தேடச் சொன்னவர் மண்ணுக்குரிய அப்பத்தைக் கேட்கச் சொல்லியிருக்க மாட்டார் என்பது அவருடைய வாதம். இது மொழியியல் வாதம் அன்று, இறையியல் வாதம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பிரிப்புக்கு எதிராக ஓர் ஒலியியல் தடை எழுப்பப்படுகிறது. "எபி" என்பதை அடுத்து உயிரெழுத்து வந்தால் அதன் இறுதி இகரம் கெடுவது கிரேக்கப் புணர்ச்சியின் வழக்கம். அப்படியானால் சொல் "எபூசியோஸ்" என்று ஆகியிருக்க வேண்டும். "பெரி" என்னும் முன்னொட்டில் இகரம் கெடுவதில்லை. ஆகவே ஒரிஜென் காட்டிய "பெரியூசியோஸ்" சரியான இணை ஆகாது. ஆயினும் "எபியெய்கேஸ்" போன்ற சில சொற்களில் இகரம் கெடாமல் நிற்கிறது. எனவே தடை வலுவானதே தவிர முற்றிலும் கடக்க முடியாதது அன்று.

இரண்டாவது கருத்து, "இருக்கின்ற" என்னும் எச்சத்தோடு நாளைக் குறிக்கும் "ஹேமெரா" என்ற சொல் மறைந்து நிற்பதாகக் கொள்கிறது. அதாவது "இருக்கின்ற இந்நாளுக்கான". இதற்கும் மேற்சொன்ன அதே புணர்ச்சித் தடை உண்டு.

மூன்றாவது கருத்தே ஒலியியல் அடிப்படையில் மிக எளிது. "எபியெனாய்" என்றால் "வந்துசேர்தல்", "அடுத்து வருதல்". அதன் பெண்பால் எச்சமான "எபியூசா" என்பது "வருகின்ற நாள்", அதாவது மறுநாள் என்னும் பொருளில் பேச்சு வழக்கில் இருந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் இது பலமுறை வருகிறது (7:26, 16:11, 20:15, 21:18). அந்த நூலையும் லூக்கா நற்செய்தியையும் எழுதியவர் ஒருவரே. "எபியூசா"விலிருந்து "எபியூசியோஸ்" பிறப்பதில் எந்த எழுத்தும் கெடவோ திரியவோ வேண்டியதில்லை. பொருள்: "வருகின்ற நாளுக்கான". ஒருவர் காலையில் இதை வேண்டினால் அது அன்றைய பொழுதைக் குறிக்கும், மாலையில் வேண்டினால் மறுநாளைக் குறிக்கும் என்று சிலர் நயமாக விளக்குவதுண்டு.

இந்தக் கருத்துக்குப் பழைய சான்று ஒன்றும் உள்ளது. எபிரேயரின் நற்செய்தி எனப்பட்ட, இன்று கிடைக்காத நூலில் இந்த இடத்தில் "மஹார்" என்ற சொல்லைக் கண்டதாக ஜெரோம் தம் மத்தேயு விளக்கவுரையில் எழுதியுள்ளார். மஹார் என்றால் நாளை. அந்த நூல் மூல அரமேய வழக்கைக் காத்துவைத்திருந்ததா, கிரேக்க மத்தேயுவிலிருந்து பெயர்க்கப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருப்பினும், மிகப் பழைய காலத்திலேயே யாரோ ஒருவர் இச்சொல்லை "நாளை" என்று புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அது சான்று.

இதற்கு மறுப்பும் மத்தேயு நற்செய்தியிலிருந்தே வருகிறது. அதே 6ஆம் அதிகாரத்தின் முடிவில், 34ஆம் வசனத்தில், நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொல்கிறார். நாளைய அப்பத்தை இன்றே கேள் என்று சொன்னவர் உடனே இப்படிச் சொல்வாரா? கேட்டு வைத்துவிட்டால்தானே கவலை தீரும் என்று இதற்குப் பதில் கூறுவோரும் உண்டு. அந்தப் பதில் சாமர்த்தியமானது, ஆனால் முழு நிறைவு தருவதன்று.

சொல்லைப் பகுத்தே பொருளைக் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. "நாற்காலி" என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்தால் நான்கு கால்களை உடையது என்றே வரும். மேசைக்கும் நான்கு கால்கள் உண்டு, மாட்டுக்கும் உண்டு. தமிழ் வழக்கே தெரியாத ஒருவர் பகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது உட்காரும் பொருள் என்று கண்டுபிடிக்க முடியாது. விவிலியச் சொற்களின் வேரையே பொருளாகக் கொள்ளும் போக்கை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாக விமர்சித்தார். எபியூசியோஸ் போன்ற சொல்லில் வேறு வழி இல்லாததால் அனைவரும் வேரைத் தேடுகின்றனர். அது வழி இன்மையால் செய்வது என்ற நினைவும் உடனிருக்க வேண்டும்.

"அன்றாட" என்பது ஏன் ஐயத்திற்குரியது

பரவலாக வழங்கும் "அன்றாட" என்ற பொருளுக்குச் சொல்லாக்க ஆதரவு குறைவு. இதைவிட முக்கியமான இடர் வேறொன்று. நாள்தோறும் என்று சொல்ல கிரேக்கத்தில் பழகிய சொற்கள் இருந்தன. யாக்கோபு 2:15இல் அன்றன்றைக்குரிய உணவைக் குறிக்க "எபேமெரோஸ்" வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6:1இல் கைம்பெண்களுக்கான அன்றாடப் பந்தியைக் குறிக்க "கதேமெரினோஸ்" வருகிறது. இவை கைவசம் இருக்கும்போது, யாரும் கேட்டறியாத ஒரு சொல்லை உருவாக்க வேண்டிய தேவை என்ன?

வாக்கிய அமைப்பும் இதே கேள்வியை எழுப்புகிறது. மத்தேயுவின் வடிவில் "இன்று" என்ற சொல் தனியே உள்ளது. லூக்காவில் அதற்குப் பதிலாக "நாள்தோறும்" என்று பொருள்படும் தொடர் உள்ளது. வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறுகிறது. மத்தேயுவில் ஒரே முறை தருவதைக் குறிக்கும் ஏவல், லூக்காவில் தொடர்ந்து தந்துகொண்டிருப்பதைக் குறிக்கும் ஏவல். இரண்டு ஆசிரியர்களும் மற்றவற்றை மாற்றிக்கொண்டும் எபியூசியோஸை மட்டும் அப்படியே வைத்துள்ளனர். எபியூசியோஸும் "அன்றாட" என்றே பொருள்பட்டால் லூக்காவின் வரியில் கூறியது கூறல் என்னும் குற்றம் வந்துவிடும். இருவருக்கும் பொதுவான, ஏற்கனவே நிலைபெற்றுவிட்ட ஒரு கிரேக்க வடிவத்தில் இச்சொல் இருந்திருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அரமேயத்தில் சொல்லப்பட்ட மன்றாட்டைக் கிரேக்கத்தில் முதலில் தந்த யாரோ ஒருவர், அதிலிருந்த ஒரு தொடருக்கு நேரான சொல் கிடைக்காமல் இதைப் படைத்திருக்கலாம்.

அந்தத் தொடர் எதுவாக இருந்திருக்கும் என்பதற்கு எபிரேய மறைநூல்களில் இரண்டு இடங்கள் பெரும்பாலும் காட்டப்படுகின்றன. ஒன்று நீதிமொழிகள் 30:8. செல்வமும் வேண்டாம் வறுமையும் வேண்டாம், எனக்கு உரிய அளவான உணவு போதும் என்று கேட்கும் இடம் அது. மற்றது விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரத்தின் மன்னா. பாலைநிலத்தில் மக்கள் அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் புழு வைத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரு மடங்கு சேர்க்கலாம், ஏனெனில் மறுநாள் ஓய்வுநாள். தேவைக்கான அளவு, இன்றைய நாள், வருகின்ற நாள் ஆகிய மூன்று பொருள்களுக்கும் மன்னாவின் கதையில் இடம் உண்டு. இச்சொல்லை விளக்குவோர் மீண்டும் மீண்டும் அந்த அதிகாரத்துக்குத் திரும்புவது இதனால்தான்.

அந்தக் காலத்து வாழ்க்கை நிலையையும் மறக்கலாகாது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையில் ஆட்கள் விடியற்காலையில் சந்தையில் காத்து நின்று, அழைத்தால் வேலைக்குப் போய், மாலையில் ஒரு தெனாரியு கூலி பெறுகின்றனர். கூலியை அன்று பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்டம் 24:15இன் கட்டளை. அத்தகைய கூலியாளுக்கு இன்றிரவு வாங்கும் கூலிதான் நாளைய அப்பம். அவர் வாயில் "வருகின்ற நாளுக்கான அப்பம்" என்பது சேமிப்பைக் கேட்பதாகாது.

மொழிபெயர்ப்புகள் சென்ற வழிகள்

பழைய மொழிபெயர்ப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சென்றன. சிரியாக் மொழியின் பழைய வடிவம் "இடையறாத" என்று தந்தது. பின்வந்த பெசித்தா "எங்கள் தேவைக்கான" என்று பெயர்த்தது. கேரளத்தின் சிரியாக் மரபுக் கிறித்தவர்கள் தங்கள் வழிபாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்தது இந்த வடிவமே. எகிப்தின் கோப்திக் மொழியில் தென்பகுதி வழக்கு "வருகின்ற" என்றும், வடபகுதி வழக்கு "நாளைய" என்றும் கொண்டன. 4ஆம் நூற்றாண்டின் கோத்திய மொழிபெயர்ப்பில் மீண்டும் "தொடர்ந்த" என்ற பொருள். ஸ்லாவோனிய மொழியினர் கிரேக்கச் சொல்லை உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்து "நஸூஷ்னி" என்ற சொல்லைப் படைத்தனர். இன்றைய ரஷ்ய மொழியில் அது "இன்றியமையாத", "உடனடித் தேவையான" என்னும் பொருளில் மன்றாட்டுக்கு வெளியேயும் தாராளமாக வழங்குகிறது.

மிகவும் பேசப்படுவது ஜெரோமின் செயல். பழைய லத்தீன் வடிவங்கள் அன்றாட என்று பொருள்படும் "கொத்திதியானும்" என்ற சொல்லைக் கொண்டிருந்தன. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்திகளைத் திருத்திய ஜெரோம், லூக்காவில் அச்சொல்லை அப்படியே விட்டார். மத்தேயுவிலோ "சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்", அதாவது உள்பொருளைக் கடந்த, என்று மாற்றினார். ஒரே கிரேக்கச் சொல் ஒரே நூலில் இரு வேறு பொருளில் பெயர்க்கப்பட்டது. ஆனால் மக்களின் வாயிலும் வழிபாட்டிலும் இருந்த பழைய சொல்லை அவரால்கூட அசைக்க முடியவில்லை. லத்தீன் திருச்சபை இன்றுவரை "கொத்திதியானும்" என்றே வேண்டுகிறது.

பொருள் பற்றிய இந்த வேறுபாடு சமய வாழ்வையும் தொட்டது. சிப்பிரியான் இந்த அப்பத்தில் நற்கருணையைக் கண்டார். அகுஸ்தீன் உடலுக்கான உணவு, நற்கருணை, இறைவார்த்தை என மூன்றையும் குறிப்பிட்டார். அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம், ஒரு நாளைக்கான உணவு என்று எளிமையாக விளக்கினார். மார்ட்டின் லூத்தர் தொடக்கத்தில் ஆவிக்குரிய பொருளையே கூறினாலும், 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் உணவு, உடை, வீடு, நல்ல ஆட்சி, நல்ல அண்டை வீட்டார் வரை வாழ்வுக்கு வேண்டிய அனைத்தையும் இதில் அடக்கினார்.

தமிழில்

தமிழ்ப் புராட்டஸ்தாந்து திருச்சபைகளில் வழங்கும் பழைய திருப்புதல் இரண்டு நற்செய்திகளிலும் "வேண்டிய" என்ற சொல்லைக் கொண்டுள்ளது. இது "இருப்புக்குத் தேவையான" என்னும் பொருளைச் சார்ந்தது, பெசித்தாவுக்கும் நெருக்கமானது. கத்தோலிக்கர் மனப்பாடமாகச் சொல்லிவந்த "அனுதின" என்பது லத்தீன் வழிபாட்டுச் சொல்லின் நேர் பெயர்ப்பு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவில் "தேவையான" என்றும் லூக்காவில் "அன்றாட" என்றும் கொண்டுள்ளது. ஜெரோமைப் போலவே ஒரே சொல்லுக்கு இரு பெயர்ப்புகள் இங்கும் நேர்ந்துள்ளன, பொருள்கள் மட்டும் வேறு.

எபியூசியோஸ் விளக்கும் பெயர்ச்சொல்லான "ஆர்தோஸ்" தமிழில் என்னவாயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. ஆர்தோஸ் என்றால் அப்பம். ஐந்து அப்பங்களைப் பகிர்ந்த இடத்திலும் இறுதி இரவுணவிலும் தமிழ் விவிலியங்கள் அப்பம் என்றே தருகின்றன. இந்த மன்றாட்டில் மட்டும் அது "ஆகாரம்" அல்லது "உணவு" ஆகிவிடுகிறது. சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடம் அப்பத்தைக் கேட்கச் சொல்வது பொருந்தாது என்பதால் இது நியாயமான முடிவே. எபிரேயத்தின் "லெஹெம்" என்ற சொல்லும் அப்பத்தோடு உணவு முழுவதையும் குறிக்கும். ஆயினும் சிப்பிரியானும் அகுஸ்தீனும் இந்த வரியைக் கேட்டவுடன் இறுதி இரவுணவின் அப்பத்தை நினைத்தது ஏன் என்பது, தமிழில் மட்டும் படிப்பவருக்கு எளிதில் தென்படாது. அந்த இணைப்பு ஒரே சொல் இரு இடங்களிலும் ஒலிப்பதால் உண்டானது.

இன்றைய கிரேக்க மொழியில் எபியூசியோஸ் பேச்சு வழக்குச் சொல்லாகவே இருக்கிறது. "எபியூசியோஸைச் சம்பாதிப்பது" என்றால் வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடுவது. ஒரிஜென் காலத்தில் மக்களின் பேச்சில் இல்லாதிருந்த சொல், மன்றாட்டில் நாள்தோறும் சொல்லப்பட்டே அங்கு போய்ச் சேர்ந்தது.